மருமோனுக்கு மருந்தளவு

தம்பி, நீ வாங்கின ஆறு குண்டுச் சுழல்துவக்கை வீடியோவிலை காட்டின நேரம் சாமியறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தின கொம்மா, இன்னும் என்னோடை முகங்குடுத்துக் கதைக்கேல்லை. சின்னனிலை உனக்கு வன்னிக்காட்டு இடியன் துவக்குக் கதையளைச் சொன்னது நான்தானாம், அதாலை குற்றவாளியும் நான்தானாம். அது கிடக்கட்டும். பேந்து நீ ஒரு கதை சொன்னாய் பார்: "மாமா, அறை வாய்மட்டும் மருந்தை நிரப்பிச் சுட்டனான், கிளப்பிலை இருந்த அவ்வளவு பேரும் திரும்பிப் பாத்தவை." ஏன் திரும்பிப் பாத்தவை எண்டு உனக்கு ஆராவது சொல்லத்தானே வேணும். வெள்ளைக்காரன் மரியாதைக்குச் சொல்லமாட்டான். எனக்கு அந்த மரியாதை இல்லை.

கடதாசியிலை எத்தினை துளை விழுந்தது எண்டு கேட்டன். நீ காத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் வைச்சாய். 25 மீற்றர் தூரம், நாலு பக்கமும் சுவர் கட்டின சூட்டுக்கூடம், அதுக்குள்ளை காத்து! நல்லது துரை.

சுன்னாகத்திலை பிறந்தவனுக்கு வெடிமருந்தைப் பற்றிப் படிப்பிக்க வெளியூர் வாத்தி தேவைப்படக்கூடாது. எங்கடை செம்மண்ணைக் கொஞ்சம் கிண்டினால் கீழை சுண்ணாம்புக்கல்லு. கிணறு வெட்டுறவை அந்தக் கல்லிலை துளை போட்டு, மருந்து வைச்சு, மேலை மண்ணை இறுக்கி அடைச்சு, திரியைக் கொளுத்திப்போட்டு ஓடி வருவினம். சின்னப் பெடியளாய் நாங்கள் பனைக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு பாப்பம். கெட்டிக்காரன் வைச்ச வெடி பெரிசாய்ச் சத்தம் போடாது, நிலத்துக்குள்ளை ஒரு குமுறல், கல்லுப் பாளம் பாளமாய்ப் பிளந்து கிடக்கும். அரைகுறை வைச்ச வெடி வானம் அதிரக் கேக்கும், அடைச்ச மண்ணு மாத்திரம் மேலாலை பறக்கும், கல்லு வைச்ச இடத்திலையே இருந்து சிரிக்கும். ரண்டுக்கும் ஒரே மருந்து. அடைச்சு வைச்ச இடந்தான் வேறை. உன்ரை துவக்கிலை நடக்கிற சங்கதியும் இதுதான், என்ன, உன்ரை கிணத்துக்கு ஆறு துளை, அதுவும் கையிலை பிடிச்சுக்கொண்டு வெடிக்கிறாய்.

உன்ரை துவக்கு 1860ஆம் ஆண்டுக் கோல்ட் ஆமியின்ரை நகல். இத்தாலிக்காரன் அச்சொட்டாய்ச் செய்து விக்கிறான். அதின்ரை உருளையிலை ஆறு அறை. ஒவ்வொரு அறையும் பின்னாலை அடைபட்டு, மருந்தைப் பத்தவைக்கிற தொப்பி கொழுவிற நிப்பிளுக்கு மாத்திரம் ஒரு ஊசித்துவாரம் விட்டிருக்கு. முன்பக்கம் திறந்த வாய். அதாலை மருந்து போகும், மருந்துக்கு மேலை ஈயக்குண்டு போகும், குழலுக்குக் கீழை இருக்கிற நெம்புதடி குண்டை இறுக்கி இறக்கும். ஆக, அறையின்ரை நீளம் மருந்தின்ரை அளவைத் தீர்மானிக்குது, அறையின்ரை அகலம் குண்டின்ரை அளவைத் தீர்மானிக்குது. நீ மருந்துக்கொம்பைப் பிடிச்சுக்கொண்டு என்ன வீரம் நினைச்சாலும் கணக்கை அமெரிக்காவிலை ஒருத்தன் உன்ரை பூட்டன் பிறக்க முந்தியே எழுதி முடிச்சிட்டான்.

அந்த ஒருத்தனின்ரை கதையும் சும்மா இல்லை. சாமுவேல் கோல்ட் 16 வயதுப் பெடியனாய் 1830இலை பொஸ்ரனிலை கப்பலேறினவன். எங்கை போனவன்? கல்கத்தாவுக்கு! அந்தப் பயணத்திலைதான் சுழல்துவக்குக்கு மரத்திலை ஒரு மாதிரி செதுக்கினவன். கப்பல் சில்லைப் பாத்து யோசனை வந்ததெண்டு அவன் சொல்லுவான், லண்டனிலை கொலியர் எண்டவன் பேரிலை செய்த சுழல்துவக்குகள் இந்தியாவிலை புழங்கினதுதான், அதைக் கண்டிருப்பான் எண்டு அவனுக்கு ஆகாத ஆக்கள் சொல்லுவினம். நான் பஞ்சாயத்துக்குப் போகேல்லை. அந்த நேரம் அதே பொஸ்ரனிலை தலைமையகம் வைச்சிருந்த அமெரிக்க மிஷன், எங்கடை பக்கத்து உடுவிலிலை 1824இலேயே பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிப்போட்டுது. ஒரே பட்டினத்திலை இருந்து ஒரு கப்பலிலை அரிவரி வந்துது, இன்னொரு கப்பலிலை போனவன் துவக்கோடை திரும்பினான். கொம்மா படிச்சது உடுவிலிலை. நீ மற்றக் கப்பலிலை ஏறிப்போட்டாய்.

சரி, மருந்துக்கு வருவம். கரிமருந்தெண்டால் வெடியுப்பு, கந்தகம், கரி. அவ்வளவுதான். இதைப் பற்றி நோபிள், ஏபெல் எண்ட ரண்டு பிரித்தானியர் 1875இலை வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்டு இருக்கு. மருந்து எரிஞ்சால் அதின்ரை பாரத்திலை பாதிகூட வாயுவாய் மாறுறதில்லை. பாதிக்கு மேலை திண்மமாய், சாம்பலாய், புகையாய், உன்ரை மூஞ்சையிலை அப்புற கரியாய்த்தான் மிஞ்சும். குண்டைத் தள்ளுறது அந்த மற்றப் பங்கு. அப்ப நீ கூடப் போடுற ஒவ்வொரு கிறெயினிலும் பாதிக்கு மேலை, குழலை ஊத்தையாக்கிறதுக்கெண்டு காசு குடுத்து வாங்கிப் போடுறாய். அதோடை அந்தப் பாரத்தையும் குழலாலை வெளியிலை தள்ள வேணும், அதுக்கும் கொஞ்சப் பலம் போகுது.

கணக்குத் தெரிஞ்ச பிள்ளைக்குக் கணக்காய்ச் சொல்லுறன். ஒரு கிறெயின் எண்டது 0.065 கிராம். உன்ரை துவக்கிலை 25 கிறெயின், அதாவது 1.6 கிராம் போட்டால், குண்டு வினாடிக்கு 220 மீற்றர் அளவிலை போகும். நீ வாய்மட்டும் அடைஞ்ச மாதிரி 35 கிறெயின் போட்டால் 260 மீற்றர் அளவு. மருந்து மாறினால் இலக்கமும் கொஞ்சம் மாறும். மருந்தை 100க்கு 40 வீதம் கூட்டினாய், வேகம் 18 வீதம்போலை கூடினது. கூட்டின மருந்து வேறை எங்கையெல்லாம் போச்சுது? கொஞ்சம் உன்ரை மணிக்கட்டுக்குள்ளை. கொஞ்சம் உருளைக்கும் குழலுக்கும் இடையிலை இருக்கிற வெட்டாலை பக்கப்பாட்டுக்கு. கொஞ்சம் 20 சென்ரிமீற்றர் குழலுக்குள்ளை எரிஞ்சு முடிக்க நேரம் காணாமல் வாயாலை தீப்பொறியாய் வெளியிலை. அந்தத் தீப்பொறியைத்தான் கிளப்பிலை எல்லாரும் திரும்பிப் பாத்தவை, மோனை. திருவிழா வாணத்தையும் சனம் அப்பிடித்தான் பாக்கும்.

"பெரிசாய் வேணும்" எண்ட ஆசை உனக்கு மட்டும் வந்ததில்லை. 1847இலை ரெக்சாஸ் றேஞ்சர் வோக்கர் எண்ட தளபதி கோல்ட்டிட்டைப் போய், குதிரையையும் ஆளையும் சேத்து நிப்பாட்டக்கூடிய துவக்கு வேணும் எண்டு கேட்டான். கோல்ட் அப்ப தொழிற்சாலை மூடிப்போய்க் கையிலை ஒண்டும் இல்லாமல் இருந்தவன், வேண்டாமெண்டு சொல்லுவானோ? விற்னி எண்டவன்ரை ஆலையிலை ஆமிக்கு 1000, வெளிச்சனத்துக்கு 100 செய்து குடுத்தினம். நிறை ரண்டு கிலோவுக்கு மேலை. அறை அவ்வளவு நீளம், ஒவ்வொண்டும் 60 கிறெயின் மருந்து விழுங்கும், உன்ரை துவக்குக்கு வழமையாய்ப் போடுறதைவிடக் கிட்டத்தட்ட ரண்டு மடங்கு. பலமெண்டால் பலந்தான், அந்தக் காலத்துக் கைத்துவக்குகளுக்குள்ளை அதுக்குப் பக்கத்திலை நிக்க ஒண்டும் இல்லை.

ஆனால் உருளை செய்த இரும்பு அந்தப் பெரிய வயித்துக்கு ஈடுகுடுக்கேல்லை. அந்த நாளையிலை இரும்பைக் காய்ச்சி ஒரே தரமாய் எடுக்கிறது அவ்வளவு லேசில்லை, ஒரு துண்டு உறுதியாய் வரும், அடுத்த துண்டுக்குள்ளை கசடு ஓடியிருக்கும். அறை பெருத்தால் அறைக்கும் அறைக்கும் நடுவிலை இருக்கிற சுவர் மெலியும். மெலிஞ்ச சுவர், கசடு கலந்த இரும்பு, 60 கிறெயின் மருந்து. கனக்க உருளையள் கையிலேயே வெடிச்சுது. கூர்க்குண்டைத் தலைகீழாய், கூர் உள்ளுக்குப் போக இறக்கினதும் ஒரு காரணம் எண்டு சொல்லுவினம், அப்பிடி இறக்கினால் குண்டுக்குப் பின்னாலை இன்னும் கொஞ்சம் மருந்துக்கு இடம் வரும், ஆசை பிடிச்சவனுக்கு அது காணும். இதுக்கு மேலை, வெடிச்ச உதைப்பிலை நெம்புதடி கழண்டு விழுந்து உருளையைச் சுத்தவிடாமல் இறுக்கிப்போடும். பெடியள் தோல்வாராலை தடியைக் குழலோடை கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவை. கேட்ட வோக்கரும் அந்த வருஷமே மெக்சிக்கோவிலை செத்துப்போனான்.

அடுத்த வருஷம் கோல்ட் என்ன செய்தான் எண்டு நினைக்கிறாய்? இரும்பைத் தடிப்பாக்கி இன்னும் 10 கிறெயின் கூட்டினவனோ? இல்லை. அறையைக் கட்டையாக்கினான். 1848ஆம் ஆண்டு ட்ரகூன் துவக்கிலை 50 கிறெயின்தான், குழலும் கட்டை. 1851இலை நேவி வந்துது, அதுக்குச் சின்னக்குண்டு, 25 கிறெயின் அளவு. 1860இலை உன்ரை ஆமி. திரும்பவும் பெரிய குண்டு, ஆனால் மருந்து வோக்கரின்ரை பாதி, நிறையும் பாதிக்குக் கொஞ்சம் மேலை, இரும்புக்குப் பதிலாய் நல்ல உருக்கு. 13 வருஷமாய் மருந்தை இறக்கி இறக்கி ஒரு மனிசன் கண்டுபிடிச்ச அளவை நீ ஒரு சனிக்கிழமையிலை திருத்தப் பாக்கிறாய்.

நீ விடமாட்டாய், படிச்சனி. "இலங்கையிலையே சாமுவேல் பேக்கர் கனக்க மருந்து போட்டுத்தானே ஆனை சுட்டவர்" எண்டு கேப்பாய். ஓம், சுட்டவர். 1840களின்ரை கடைசியிலை வந்து நுவரெலியாவிலை இருந்துகொண்டு காடெல்லாம் உழக்கி, 1854இலை அதைப் புத்தகமாயும் போட்டவர். பிறிஸ்ரல் கிப்ஸ் செய்து குடுத்த அவரின்ரை றைபிளுக்கு ஒருதரத்துக்கு 28 கிராம் மருந்து. நீ வாய்மட்டும் அடையிறதிலும் 12 மடங்கு. ஆனால் அந்த றைபிளின்ரை நிறை ஒன்பதரைக் கிலோ, குழல் 91 சென்ரிமீற்றர், குண்டு 85 கிராம். அந்த மனிசன் முதல் மருந்தை யோசிச்சு, பிறகு அதைத் தாங்கிற குழலைச் செய்விச்சவர். நீ முதல் துவக்கை வாங்கிப்போட்டு, பிறகு மருந்தை யோசிக்கிறாய். அதோடை அவருக்கு முன்னாலை ஆனை நிண்டுது. உனக்கு முன்னாலை நிக்கிறது கடதாசி. அது உன்னை மிதிக்க வராது.

வேகத்தை மாத்திரம் நம்பினவனின்ரை கதை இன்னொண்டு. 1857ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாய்க் கிளர்ச்சியிலை நடந்ததாய் கேணல் போஸ்பெரி சொல்லுறது, அந்தாள் பிறகு விக்டோரியாச் சிலுவை வாங்கினவர், தானாய்க் கொழுவிற சுழல்துவக்கும் செய்தவர். குறி பாக்கிறதிலை தன்னை வெல்ல ஆளில்லை எண்டு பெருமை அடிக்கிற வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தன், கையிலை கோல்ட் நேவி. சின்னக்குண்டு, மருந்து தாராளம், வேகம் அந்தமாதிரி. வாளோடை ஓடிவந்த சிப்பாய்க்கு ஆறிலை அஞ்சு குண்டு நெஞ்சிலை பட்டுது. பட்டுப் பட்டு முதுகாலை போச்சுது. சிப்பாய் விழ முந்தி வந்த வேலையை முடிச்சுப்போட்டுத்தான் விழுந்தான், அதிகாரியின்ரை மண்டை ரண்டு பாதி. இங்கிலாந்துக்காரர் அடம்ஸ் துவக்குப் பக்கம் சாய்ஞ்சதுக்கு இதுமாதிரிக் கதையளும் ஒரு காரணம். அடம்ஸின்ரை அறை அகலம் கூட, நீளம் குறைவு, பெரிய குண்டுக்குக் கொஞ்ச மருந்து. நான் இதை உனக்கு ஆளைச் சுடுறதுக்குச் சொல்லேல்லை, அந்த வேலைக்கு இந்த ஊரிலை ஒரு முப்பது வருஷமாய் ஆக்களுக்குப் பஞ்சமில்லாமல் இருந்தது. சத்தமும் நாங்கள் போதியளவு கேட்டிட்டம். அறையை நீட்டுறதும் அகட்டுறதும் ரண்டு வேறை வேலை எண்டதுக்குச் சொன்னனான்.

இனி உன்ரை கடதாசிக் கதை. உன்ரை குண்டு ஏன் சிதறிப் போகுது?

அகலத்திலை தொடங்கு. இறக்கேக்கை குண்டு அறைவாயிலை சுத்திவரச் சீவுப்பட்டு, ஈயத்திலை மெல்லிசாய் ஒரு மோதிரம் கழண்டு விழவேணும். விழுந்தால் குண்டு அறையைக் காத்துப்போகாமல் அடைச்சிட்டுது. விழாட்டில் குண்டு சின்னன், வேறை வாங்கு. இதுமட்டும் உன்ரை கைக்குள்ளை. அடுத்தது உன்ரை கைக்குள்ளை இல்லை: சீவுப்பட்ட குண்டின்ரை அளவு இப்ப அறையின்ரை அளவு. அது போய் ஏறுறது குழலிலை. குழலுக்குள்ளை சுத்துப் பள்ளம் வெட்டியிருக்கெல்லே, அந்தப் பள்ளத்தின்ரை விட்டத்திலும் அறை மயிரிழை ஒடுங்கினதெண்டால், குண்டு பள்ளத்தை முழுசாய் நிரப்பாது. வாயு குண்டைச் சுத்தி முந்திக்கொண்டு ஓடும். குண்டு குழலுக்குள்ளை ஒழுங்காய்ச் சுழலாமல், தான் நினைச்ச பக்கம் போகும். நகல் துவக்குகள் கனக்கத்திலை இந்த நோய் இருக்கு. எவ்வளவு மருந்து கொட்டினாலும் இது மாறாது. பழைய சூட்டுக்காரர் அறையைப் பள்ளத்தின்ரை அளவுக்குக் கடைஞ்செடுப்பிப்பினம், ஆனால் அது துவக்குத் திருத்திற கைதேர்ந்தவன்ரை வேலை. நீ கொப்பரின்ரை துளைபோடுற மிசினை எடுத்தாய் எண்டு கேள்விப்பட்டால் நானே பிளேனேறி வருவன்.

ஆறு அறையும் ஒரே அளவெண்டும் நம்பாதை. ஒவ்வொரு அறைக்கும் இலக்கம் போட்டு, ஒரே அறையாலை திரும்பத் திரும்பச் சுட்டுத் தனித்தனிக் கடதாசி எடு. ஒரு அறை எப்பவும் இடப்பக்கம் தள்ளுதெண்டு கண்டுபிடிச்சால், அதுக்குக் காத்தைக் குத்தம் சொல்லத் தேவையில்லை.

பிறகு நீளம். இதிலைதான் கெட்டிக்காரர் செய்யிற ஒரு வேலை இருக்கு. கேட்டால் சிரிப்பாய். 25 மீற்றருக்கு உன்ரை துவக்குக்கு 20 கிறெயின் காணும், தாராளம். ஆனால் 20 கிறெயினை அந்த நீள அறைக்குள்ளை போட்டால் அடியிலை கிடக்கும். குண்டும் மருந்தும் ஒட்டியிருக்க வேணும், நடுவிலை வெறும் இடம் விடவே கூடாது, விட்டால் அழுத்தம் தாறுமாறாய்ப் போகும், இரும்புக்கும் கூடாது உனக்கும் கூடாது. நெம்புதடியோ அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. எட்டினாலும் குண்டு அறையின்ரை ஆழத்திலை இருந்து புறப்பட்டு, பிடிமானமில்லாமல் கொஞ்சத்தூரம் ஓடிவந்துதான் குழல்வாயைப் பிடிக்கும், அந்த ஓட்டத்திலை சரிஞ்சு போகும். அதுக்காக மருந்துக்கு மேலை, குண்டுக்குக் கீழை, மிச்ச இடத்தை என்னத்தாலை நிரப்புறவை தெரியுமோ? ரவையாலை! கடையிலை வாங்கிற கோதுமை ரவை. மருந்தோடை கலக்கிறதில்லை, மேலை தட்டாய்ப் போட்டு, அதுக்கு மேலை குண்டை அறைவாய்க்குக் கிட்ட நிக்கிற மாதிரி இறக்கிறது. வாயு ரவையைத் தள்ளும், ரவை குண்டைத் தள்ளும், போற வழியிலை குழலின்ரை ஊத்தையையும் கொஞ்சம் துடைச்சுக்கொண்டு போகும். ஐரோப்பாவிலை போட்டிக்குச் சுடுறவை காலங்காலமாய்ச் செய்யிறது இது. உன்ரை கிளப்பிலை மூலையிலை ஒரு கிழவன் பேசாமல் இருந்து சின்னக் குப்பியளிலை வெள்ளையாய் என்னவோ கொட்டுவான், பார். அவன் உன்னைத் திரும்பிப் பாத்திருக்க மாட்டான். அவன்ரை கடதாசியை நீ போய்ப் பார்.

உலகப்போட்டியிலை பழைய சுழல்துவக்குக்கு விதி, 30 நிமிஷத்திலை 13 வெடி, அதிலை நல்ல 10ஐ எடுப்பினம். பத்துப் புள்ளி வட்டம் 5 சென்ரிமீற்றர் அகலம். அதுக்குள்ளை போடுறவை உன்னைப்போலை 35 கிறெயின் அடையிறவை இல்லை. எங்கடை வன்னி இடியன்காரரும் அப்பிடித்தான். இடிகம்பியை உள்ளுக்கு விட்டு, வாய்க்கு மேலை எத்தினை விரல் தெரியுது எண்டுதான் அளவு. முயலுக்கு இத்தினை, பண்டிக்கு இத்தினை. ஒரு விரல் கூடினால் ஊரிலை அவனுக்குப் பட்டப்பேர் வைச்சிடுவினம். இரும்பு பிளந்தால் பட்டப்பேரோடை ஒரு விரலும் குறையும்.

குண்டுக்கு மேலை கொழுப்புப் பூச மறக்காதை. தேன்மெழுகும் கொழுப்பும் கலந்தது விக்கிறாங்கள். அது ரண்டு வேலை செய்யும்: கரியை இளக்கி வைச்சிருக்கும், பக்கத்து அறைக்கு நெருப்புத் தாவாமலும் ஒரு காவல். நெருப்புத் தாவினால் ஒண்டுக்குப் பதிலாய் ரண்டு மூண்டு அறை ஒரேயடியாய்ப் போகும், குழலுக்கு நேரை இல்லாத அறை எங்கை சுடும் எண்டு நீயே யோசி. கோல்ட் இதே உருளையை வைச்சு நீட்டுத்துவக்கும் செய்தவன். முன்னாலை இடக்கையாலை தாங்கிப் பிடிச்ச ஆமிக்காரர் கையைப் பறிகுடுத்தவை, அதோடை அந்தத் துவக்குக்குச் சனம் கும்பிடு போட்டுது. ஆனபடியாலை உன்ரை இடக்கை எப்பவும் உருளைக்குப் பின்னாலை. இறுக்கமான குண்டும், கழண்டு விழாத தொப்பியும் இருந்தால் பயம் பாதி குறையும். கொழுப்பெண்டவுடனை கொம்மாட்டை மூச்சும் விடாதை, என்ன கொழுப்பெண்டு கேப்பா. 1857இலை தோட்டாவிலை பூசின கொழுப்பாலை ஒரு சாம்ராச்சியமே ஆடினது. சுன்னாகத்துச் சைவக் குசினி அதிலும் கடுமை.

மருந்துக்கு நீ கவலைப்படத் தேவையில்லை, நீ இருக்கிற சுவிஸிலையே ஒபோன் எண்ட ஊரிலை 1853 தொடக்கம் கரிமருந்து செய்யிறாங்கள், உலகத்திலை திறமானதெண்டு எல்லாரும் தேடி வாங்கிறது. சுழல்துவக்குக்கு நுண்ணின மணி, நீட்டுத்துவக்குக்குப் பருமணி. மணி சின்னனெண்டால் கெதியாய் எரியும், கட்டைக் குழலுக்கு அது வேணும். இதிலையும் உன்ரை மூளை ஓடும், "இன்னும் நுண்ணினது போட்டால்?" எண்டு. வேண்டாம், அழுத்தம் ஏறும். புகையில்லா மருந்தை மாத்திரம் ஒரு துளிகூட அந்த உருளைக்குக் கிட்டக் கொண்டுபோகாதை. அது வேறை சாதி, கொஞ்சத்திலையே கரிமருந்தின்ரை அழுத்தத்தைப் பல மடங்கு தாண்டும். உருளை பூப்போலை விரியும், நான் வந்து உன்ரை சூட்டுக்கையைக் குலுக்க ஏலாது. மருந்தை வீட்டிலையே அளந்து குப்பி குப்பியாய்க் கொண்டுபோ. சூட்டு மேசையிலை கொம்பைத் திறந்து ஊத்தாதை, சுட்ட அறைக்குள்ளை கனல் கிடந்தால் கொம்பு முழுக்கக் கையிலை வெடிக்கும்.

ஊருக்கு வரேக்கை அதைக் கொண்டுவந்து பெடியளுக்குக் காட்டுற யோசனை இருந்தால் இப்பவே விடு. இஞ்சை 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கு, 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கு. அதுகளை விளங்கப்படுத்தக் கட்டுநாயக்காவிலையே ஆக்கள் நிப்பினம். படம் எடுத்துக்கொண்டு வா, காணும்.

சுட்டு முடிஞ்ச அண்டைக்கே கழுவு. கரிமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும், ஒரு இரவு விட்டால் அறைக்குள்ளை கறள் பிடிக்கும், கறள் தின்ற அறை அளவு மாறும், பிறகு நான் மேலை சொன்ன அவ்வளவும் வீண். உருளையைக் கழட்டி, நிப்பிளைக் கழட்டி, சுடுதண்ணியிலை சவுக்காரம் போட்டுக் கழுவி, நல்லாய் உலர்த்தி, எண்ணெய் தடவு. சுடுதண்ணி வைக்க உன்ரை மனிசியின்ரை சோத்துப்பானையை எடுக்காதை, அந்த மணம் ஒரு கிழமைக்குப் போகாது, கந்தகம். தனியாய் ஒரு பழைய சட்டி வாங்கு. ரவையும் தனியாய் வாங்கு. அவள் பின்னேரம் உப்புமாவுக்கு ரவை தேடேக்கை, அது எங்கை போனதெண்டு நீ என்ன காத்தைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள்.